முத்துக்குளிச்ச குரல்கள்

மக்கா, தூத்துக்குடியில அரசு நடத்துன கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. அப்புறம் பாருல சிப்பி தேறல. சென்னை மாகாண முத்து, சங்கு குளிப்புக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914-லயே சங்கைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. இன்னைக்கும் வாசிக்கலாம். ஆனா மூச்சடக்கி முங்குனவங்க குரல் புத்தகத்துல இருக்காதே!

1961-ல இருபது வயசுன்னா இப்ப எண்பதத் தாண்டியாச்சு. அப்படி ஒரு தாத்தா தெரிஞ்சா உடனே பதிஞ்சு வைங்க. மடிக்கணினியில இருக்குற மைக்கே போதும். ஃபேனை அணைச்சிட்டு, மத்த புரோகிராம்களை மூடிட்டு, பக்கத்துல உக்கார வைங்க. நடுவுல கீபோர்டைத் தட்டாதீங்க.

சிடியில ஏத்துனா விளிம்பப் பிடிங்க, பால்பாயிண்ட் பேனாவால எழுதாதீங்க, வெயில்ல வைக்காதீங்க. உள்ள இருக்குற சாயம் வெளிறிடும். நம்மூரு உப்புக்காத்தும் ஆகாது. ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு நகல் கட்டாயம்.

யாராச்சும் ஏற்கெனவே பதிஞ்சிருந்தா சொல்லுங்கப்பா.