வெண்மணியில் இரகசியம் ஏது?

பணக்கார வீடு, பூட்டிய அறை, உள்ளே ஓர் இரகசியம். இந்த மர்மக்கதை அச்சில் கீழ்வெண்மணியையும் வார்த்த நாவல் ஒன்று நம்மிடம் உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. அதில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அந்த ஊனத்தின் புழுக்கத்திலிருந்தே அவரது கொடூரம் கிளம்புகிறது. 1977இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது.

நடந்ததில் எது இரகசியம் என்றே நாம் கேட்கிறோம். அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டார்கள் சேரி மக்கள். செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தார்கள். மிராசுதார்களோ நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பெயர் சூட்டி, தலைவர் வைத்து, பகிரங்கமாகத்தான் திரண்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, உயிருக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒண்டிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இதற்கு ஒரு தனிமனிதனின் படுக்கையறையிலா காரணம் தேடுவது?

சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது. இப்பேர்ப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் கொளுத்தினார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். (கார் வாங்கியவனுக்குக் கால் இல்லாமல் போய்விடுமா என்ன!) நாவலாசிரியர் பண்ணையாரின் உடம்பைப் பார்த்தார், நீதிபதிகள் அவர்கள் வீட்டுக் காரைப் பார்த்தார்கள். கூலி கேட்ட சேரியை இரண்டு தரப்புமே பார்க்கவில்லை.