பூச்சுத் தொழிற்சொற்களில் ஈயம்

பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் மீனாட்சிபுரம். 1956-க்கு முன்னர்ச் சித்தூர் கொச்சிப் பகுதியைச் சார்ந்தும், அண்டையிலுள்ள பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தும் இருந்தன. ஆட்சி எல்லை வேறாயினும் பூச்சுத் தொழிலின் அடிப்படை வினைகள் இருபுறத்தும் ஒத்துள்ளன. தமிழில் பூசு, மெழுகு என வழங்குபவை மலையாளத்தில் பூசுக, மெழுகுக என நிற்கின்றன.

இவ்வினைகள் பூசப்படும் பொருளையன்றிச் செயலையே சுட்டுவன. தரையைச் சாணத்தால் மெழுகினர். சுவரில் சாந்து பூசினர். அதன்மேல் சுண்ணாம்பால் வெள்ளையடித்தனர். பிற்காலத்தில் பெயிண்ட், வார்னிஷ், டிஸ்டம்பர் என்பன வந்தபோதும் 'அடி' என்னும் வினையே அவற்றுக்கும் பொருந்தியது. கடனாகப் பெற்றவை பெயர்களே; வினை மாறவில்லை என்பது இதனால் புலனாகும்.

வினை தெளிவாக நிற்க, பெயர் மயங்கும் இடமும் உண்டு. அதற்குத் தக்க சான்று 'ஈயம்'. இச்சொல் இரு உலோகங்களுக்குப் பொது. வெண்மை அடையால் வெள்ளீயமும், கருமை அடையால் காரீயமும் வேறுபடுத்தப்பட்டன. பேச்சுவழக்கில் அடை நீங்கியது. பொருளைச் சூழலே உணர்த்தியது. பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு ஊறுபடாதிருக்க 'ஈயம் பூசுதல்' வெள்ளீயத்தாலாவது. பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே.

பெயிண்டில் பேசப்படும் ஈயமோ காரீயம். வெண்மை, மஞ்சள், செந்நிறம் தரவும், விரைந்து உலரவும் அதன் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. உதிரும் பெயிண்டுத் துகள் உடலுட் சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். ஆகவே, வீட்டுப் பயன்பாட்டுப் பெயிண்டுகளில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என 2016-இல் இந்திய அரசு விதி வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்நிலையில் 'ஈயம் கலவாத பெயிண்ட்' என எழுதினால், அன்றாடம் ஈயச்சொம்பில் இரசம் வைப்பவர் அதனை எச்சரிக்கையாகக் கொள்வாரா என்பது ஐயமே. மறுபுறம், 'ஈயம் நஞ்சு' என்று மட்டும் கேட்பவர் தீங்கற்ற சொம்பையும் விலக்கக்கூடும். பூச்சுக்குரிய வெள்ளீயத்தில் விலை குறைந்த காரீயத்தைக் கலப்பதும் உண்டாதலின் மயக்கம் மேலும் மிகும். கலைச்சொல் தொகுப்போர் இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. வழக்கில் நழுவிய 'கார்' என்னும் அடையை மீட்டாலே போதும். எச்சரிக்கை வாசகங்களில் 'காரீயம்' என்றே எழுதுதல் வேண்டும்.