பட்டியலில் ஒரே ஒரு பெயர்

ஜூலி ஆண்ட்ரூஸ் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம்தான். மலைச்சரிவில் கைகளை விரித்துக்கொண்டு பாடும் மரியாவை யார் மறப்பார்கள்? கல்லூரி நாட்களில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் இன்று எழுதப்போவது அந்தப் படத்தைப் பற்றி அல்ல. அதற்கு முப்பது வருடம் கழித்து, தமக்கு வந்த ஒரு கௌரவத்தை நாடக மேடையிலேயே நின்று அவர் வேண்டாம் என்று சொன்னாரே, அந்த நாளைப் பற்றி.

நியூயார்க்கில் பிராட்வே என்று சொல்லப்படும் நாடக அரங்குகள் சுமார் 40 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 500 இருக்கைகள் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே நடக்கும் நாடகங்களுக்கு ஆண்டுதோறும் கொடுப்பது டோனி விருது. சினிமாவுக்கு ஆஸ்கர் போல நாடகத்துக்கு டோனி. அந்தப் பெயருக்குக் காரணம் அன்டோனெட் பெர்ரி என்ற அம்மையார். நடிகை, இயக்குநர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற அமைப்பை முன்னின்று நடத்தியவர். 1946-இல் அவர் காலமானதும் அவர் நினைவாக 1947-இல் விருது தொடங்கியது. அவருடைய செல்லப் பெயர்தான் டோனி.

முதல் சில ஆண்டுகளில் வென்றவர் பெயர் மட்டும்தான் வெளியே தெரியும். போட்டியில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை 1956 முதல்தான் வெளியிட ஆரம்பித்தார்கள். சண்டையும் அன்றிலிருந்துதான் என்று சொல்லலாம். பட்டியல் தெரியாதவரை 'அவருக்குக் கிடைக்கவில்லையே' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பட்டியல் தெரிந்த பிறகு 'அவர் பெயரே இல்லையே' என்ற இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது.

இந்த இரண்டு வருத்தமும் ஒன்றல்ல. போட்டியில் நின்று தோற்பது ஒரு வகை. போட்டிக்கே தகுதியில்லை என்று ஒதுக்கப்படுவது வேறு வகை. பிராட்வே ரசிகர்கள் இரண்டையுமே பல வருடம் பேசுவார்கள்.

1958-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' சிறந்த இசை நாடக விருதை 'தி மியூசிக் மேன்' நாடகத்திடம் இழந்தது. அது தோல்வி. அதே நாடகத்தில் அனிதாவாக ஆடிப் பாடி அரங்கை அதிர வைத்த சீட்டா ரிவேராவின் பெயர் பட்டியலில்கூட வரவில்லை. அது புறக்கணிப்பு. 1960-இல் 'ஜிப்சி' நாடகத்துக்கு எட்டுப் பிரிவுகளில் இடம் கிடைத்தது, ஒன்றில்கூட வெற்றி இல்லை. அந்த வருடம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகமும் 'ஃபியோரெல்லோ' நாடகமும் சம வாக்குப் பெற்று விருதைப் பங்கிட்டுக்கொண்டன. (படம் வருவதற்கு முன் அது மேடை நாடகம். மரியாவாக நடித்தவர் மேரி மார்ட்டின்.) அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏழு பிள்ளைகளாக நடித்தவர்களை மொத்தமாகச் சேர்த்துச் சிறந்த துணை நடிகை பிரிவில் ஒரே பெயராகப் போட்டுவிட்டார்கள். பையன்களும் அதில் அடக்கம்!

1976-இல் 'சிகாகோ' நாடகம் 11 பிரிவுகளில் போட்டியிட்டு வெறுங்கையோடு திரும்பியது. 'எ கோரஸ் லைன்' ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டது. சிகாகோவை மறந்துவிடாதீர்கள், பிறகு அதனிடம் திரும்பி வருவேன்.

இனி ஜூலி ஆண்ட்ரூஸ் கதைக்கு வருகிறேன். பட்டியல்களோடு அவருக்கு இருந்த உறவே விசித்திரமானது. 1956-இல் 'மை ஃபேர் லேடி' பிராட்வேயில் அரங்கேறியபோது அவருக்கு வயது 20. பூக்காரி எலைசாவாக நடித்து ஒரே இரவில் புகழ் பெற்றார். மறு வருடம் அந்த நாடகத்துக்கு டோனி கிடைத்தது, கதாநாயகன் ரெக்ஸ் ஹாரிசனுக்கும் கிடைத்தது. ஜூலி பட்டியலில் இருந்தார், விருது ஜூடி ஹாலிடேக்குப் போனது. அடுத்து 'கேமலாட்'. 1961-இல் கதாநாயகன் ரிச்சர்ட் பர்டனுக்கு விருது, ஜூலிக்கு மறுபடியும் இல்லை.

'மை ஃபேர் லேடி'யைப் படமாக எடுத்தபோது தயாரிப்பாளர் ஜாக் வார்னர் எலைசா வேடத்தை ஆட்ரி ஹெப்பர்னுக்குக் கொடுத்துவிட்டார். ஜூலியை அப்போது சினிமா ரசிகர்களுக்குத் தெரியாது என்பது காரணம். கை ஓய்ந்திருந்த ஜூலி 'மேரி பாபின்ஸ்' படத்தில் நடித்தார். 1965 ஆஸ்கரில் 'மை ஃபேர் லேடி' 12 பிரிவுகளில் இடம் பெற்றது. ஆனால் ஹெப்பர்ன் பெயர் பட்டியலில் இல்லை. சிறந்த நடிகை விருது ஜூலிக்கு. அதற்கு முன் கோல்டன் குளோப் விருது வாங்கியபோது, தமக்கு வேடம் கொடுக்காத ஜாக் வார்னருக்கே மேடையில் நன்றி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பட்டியலில் விடுபடுவது என்றால் என்ன, அடுத்தவர் விடுபடும்போது நாம் ஜெயிப்பது என்றால் என்ன, இரண்டையும் 30 வயதுக்குள் பார்த்தவர் அவர்.

1995 அக்டோபரில், 60 வயதில், ஜூலி ஒரு புது இசை நாடகத்தோடு பிராட்வேக்குத் திரும்பினார். பெயர் 'விக்டர்/விக்டோரியா'. 1982-இல் அவரே நடித்து வந்த படத்தின் மேடை வடிவம். இரண்டையும் இயக்கியவர் அவருடைய கணவர் பிளேக் எட்வர்ட்ஸ். பிழைப்புக்கு வழியில்லாத ஒரு பாடகி, பெண் வேடம் கட்டும் ஆண் கலைஞன் என்று ஊரை நம்ப வைக்கிறாள். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டதும், கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நடித்ததும் நமக்குத் தெரியும். இங்கே இரண்டும் ஒருத்தி மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெண்தான், ஆணாக நடிக்கிறாள், அந்த ஆணோ பெண்ணாக நடிக்கிறான்.

விமர்சகர்கள் ஜூலியைப் பாராட்டினார்கள், நாடகத்தை அவ்வளவாகப் பாராட்டவில்லை. பாட்டுகள் சுமார் என்றார்கள். இசையமைத்த ஹென்றி மான்சினி 1994-இலேயே காலமாகிவிட்டதால் மிச்சப் பாடல்களை வேறொருவர் போட வேண்டியிருந்தது. ஆனாலும் ஜூலியைப் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது.

1996 மே மாதம் டோனி பட்டியல் வந்தது. முந்தைய வருடம் புது இசை நாடகங்களுக்குப் பெரும் பஞ்சம். சிறந்த இசை நாடகப் பிரிவில் இரண்டே பெயர்கள்தான். இசைக்கும் வசனத்துக்கும் 'சன்செட் புலவார்ட்' மட்டும் தன்னந்தனியாக நின்றது. இந்த வருடம் அப்படியில்லை, நிறைய நாடகங்கள். அதனால் எதிர்பார்ப்பும் அதிகம். 'ரென்ட்' நாடகமும், கறுப்பின மக்களின் வரலாற்றைத் தட்டு நடனத்தால் சொன்ன 'பிரிங் இன் ட நாய்ஸ், பிரிங் இன் ட ஃபங்க்' நாடகமும் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்ச இரண்டு இடங்கள் பணம் கொட்டி எடுத்த 'பிக்' நாடகத்துக்கும் 'விக்டர்/விக்டோரியா'வுக்கும்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். வந்தவையோ 'கிரானிக்கிள் ஆஃப் எ டெத் ஃபோர்டோல்ட்', 'ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்'. இரண்டும் சிறிய நாடகங்கள். இரண்டுமே சில மாதங்கள் முன்பே நடத்துவதை நிறுத்திக்கொண்டவை.

'பிக்' நாடகத்துக்காவது வேறு ஐந்து பிரிவுகளில் இடம் இருந்தது. 'விக்டர்/விக்டோரியா'வுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சிறந்த நடிகை, ஜூலி ஆண்ட்ரூஸ். இயக்கம், நடனம், உடை, அரங்க அமைப்பு, துணை நடிகர்கள் என்று எதிலும் ஒரு பெயர்கூட இல்லை.

மே 8-ஆம் தேதி, புதன்கிழமை, மேட்னி காட்சி. நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். கைதட்டலை அமர்த்திவிட்டு ஜூலி பேச ஆரம்பித்தார். மனசாட்சியைக் கேட்டுப் பார்த்ததாகவும், இந்த நியமனத்தைத் தம்மால் ஏற்க முடியாது என்றும், கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட தம் சக கலைஞர்களோடு நிற்கவே விரும்புவதாகவும் சொன்னார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

அதன் பிறகு நடந்த விவாதம் கொஞ்சநஞ்சமல்ல. ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்.

ஒரு கட்சி சொன்னது: தினமும் தம்மோடு மேடையேறுபவர்களை விட்டுக்கொடுக்காதவர்தான் உண்மையான தலைவி. நாடகம் சினிமா இல்லை. வாரத்துக்கு எட்டுக் காட்சி. எதிரில் நிற்பவர் ஒரு வரி பிசகினாலும் நம் நடிப்பு கெட்டுவிடும். அப்படியிருக்க, 'நீ மட்டும் நன்றாகச் செய்தாய்' என்று சொன்னால் அதில் என்ன அர்த்தம்?

இன்னொரு கட்சி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லா நாடகங்களையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் குழுவின் வேலை. பெரிய நட்சத்திரம், பெரிய பணம் என்பதற்காக இடம் கொடுத்தால் அது பரிசா, மரியாதையா? ஓடி முடிந்த நாடகத்துக்கு இடம் கொடுப்பதால் யாருக்கும் ஒரு டிக்கெட்கூட விற்காது. அப்படியும் கொடுத்தார்கள் என்றால் தரத்தைத்தானே பார்த்திருக்கிறார்கள்? மறுத்ததால் சிறிய நாடகக்காரர்களின் சந்தோஷத்தில் மண் விழுந்ததே? விளம்பரத்துக்காகச் செய்தார், சொந்தக் கணவர் இயக்கியதற்காகக் கோபப்பட்டார் என்று பேசியவர்களும் உண்டு.

விருது விழாவைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்க்கிறார்கள். போட்டியில் இருக்கும் நாடகங்கள் அந்த மேடையில் ஒரு காட்சி நடித்துக் காட்டும், மறுநாள் டிக்கெட் விற்பனை ஏறும். ஆகவே பட்டியலில் இல்லையென்றால் மனவருத்தம் மட்டுமல்ல, வயிற்றுப் பிழைப்பிலும் கை வைத்தது போலத்தான். 'பிக்' அந்த அக்டோபரிலேயே பெரும் நட்டத்தோடு மூடப்பட்டது.

ஜூலி மறுத்தாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஜூன் 2-ஆம் தேதி விழாவுக்கு அவர் போகவில்லை. சிறந்த நடிகை விருது 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தில் நடித்த டோனா மர்ஃபிக்குக் கிடைத்தது. சிறந்த இசை நாடகம் 'ரென்ட்'. அதை எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன் ஜனவரியிலேயே, தம் நாடகத்தை முதன்முதலாக ரசிகர்கள் பார்க்க இருந்த நாளுக்கு முந்தைய நாள், 35 வயதில் இறந்துபோயிருந்தார். பட்டியலில் இடமும் வெற்றியும் கிடைத்தும், பார்க்க அவர் இல்லை. அதை நினைத்தால் மற்றவர்களின் சண்டையெல்லாம் சிறிதாகத்தான் தெரிகிறது.

ஜூலிக்கு அதன் பிறகு பட்டியலில் வர வாய்ப்பே அமையவில்லை. 1997-இல் 'விக்டர்/விக்டோரியா'வை விட்டு விலகித் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தப் பாடும் குரல் திரும்பவே இல்லை. மூன்று முறை பட்டியலில் இருந்தும் போட்டியில் ஒரு டோனிகூட வெல்லாமலே அவருடைய பிராட்வே மேடை வாழ்க்கை முடிந்தது.

சிகாகோவுக்கு வருவதாகச் சொன்னேன் அல்லவா? 1976-இல் ஒன்றும் கிடைக்காத அந்த நாடகத்தை 1996 நவம்பரில் மறுபடியும் மேடையேற்றினார்கள். ஆறு டோனி வாங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2002-இல் அது படமாக வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் பெற்றது. அந்தப் படத்தை இயக்கியவர் ராப் மார்ஷல். 'விக்டர்/விக்டோரியா'வின் நடன அமைப்பாளர் அவர்தான். யாருக்காகவெல்லாம் ஜூலி அந்த மேட்னியில் பேசினாரோ, அவர்களில் ஒருவர்.

எனக்கு இந்தக் கதை ஏன் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்தபோது எங்கள் பிரிவில் ஏழு பேர் சேர்ந்து மூன்று மாதம் ராப்பகலாகப் பழைய கணக்குகளைச் சரிசெய்தோம். ஆண்டு விழாவில் பாராட்டுச் சான்றிதழ் என் ஒருவன் பெயரில் மட்டும் வந்தது. மேடையேறி வாங்கிக்கொண்டேன். இறங்கி வந்ததும் எங்களில் மூத்த குமாஸ்தா ஒருவர், "நீங்க வாங்கினா நாங்க எல்லாரும் வாங்கின மாதிரிதான் சார்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. மைக் என் முன்னால்தான் இருந்தது. மற்ற ஆறு பேர் பெயரையும் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜூலி விருதை மறுத்தது சரியா என்று கேட்டால், மறுத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். தேர்வுக்குழுவும் ஓர் உழைப்புதான், அதற்கும் மரியாதை உண்டு. ஆனால் மைக் முன்னால் நின்றபோது அவர் தம்மோடு உழைத்தவர்களை மறக்கவில்லை. அது சரி. அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.