விமானப் பயிற்றுநர்

விமானப் பயிற்றுநர் என்பவர் விமானம் ஓட்டக் கற்பவருக்குத் தரையிலும் வானிலும் பயிற்சி அளிக்க அரசின் ஏற்புப் பெற்ற விமானி ஆவார். பொழுதுபோக்கிற்காகப் பறப்பதற்குரிய தனியார் விமானி உரிமத்தை நாடுபவரும், விமான நிறுவனங்களில் பணியாற்றுவதற்குரிய வணிக விமானி உரிமத்தை நாடுபவரும் முதலில் இவரிடமே கற்கின்றனர். இந்தியாவில் இப்பணிக்கான தகுதிகளும் ஊதிய முறையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

தகுதிகள்

இந்தியாவில் விமானி உரிமங்களைக் குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டி.ஜி.சி.ஏ.) வழங்குகின்றது. பயிற்றுநர் தகுதி தனியானதோர் உரிமம் அன்று. விமானியிடம் ஏற்கெனவே உள்ள உரிமத்தின் மீது பதியப்படும் கூடுதல் தகுதி ஆகும்.

தனியார் விமானி உரிமத்தை 17 வயது நிரம்பியவர் 40 மணிநேரப் பறப்பு அனுபவத்துடன் பெறலாம். ஆனால் அவ்வுரிமத்தைக் கொண்டு விமானம் ஓட்டி ஊதியம் பெற இயலாது. எனவே பிறருக்குக் கற்பிக்க விரும்புபவர் வணிக விமானி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். இதற்கு 18 வயதும், 200 மணிநேரப் பறப்பு அனுபவமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கு தனியார் விமானி உரிமம் மட்டுமே உடையவரும், வணிக விமானிக்குரிய கோட்பாட்டு அறிவும் குறைந்தது 200 மணிநேரப் பறப்பும் இருப்பின், பயிற்றுநர் ஆகலாம்.

இந்தியாவில் இத்தகுதி துணைப் பயிற்றுநர், பயிற்றுநர் என இரு படிகளில் வழங்கப்படுகின்றது. துணைப் பயிற்றுநர் பயிற்சியின் கடினமான பகுதி இருக்கை மாற்றம் எனலாம். செஸ்னா 152, 172 போன்ற சிறு விமானங்களில் மாணவர் இடப்பக்கமும் பயிற்றுநர் வலப்பக்கமும் அமர்வர். அதுவரை இடப்பக்கமிருந்தே ஓட்டிப் பழகியவர், வலப்பக்கமிருந்து ஓட்டியவாறே தாம் செய்யும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு விளக்கவும் வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பலருக்கு இது எளிதில் கைவருவதில்லை.

முதல் தனிப்பறப்பு

மாணவர் முதன்முறையாகத் தனியே பறப்பதற்கு ஒப்புதல் அளிப்பது பயிற்றுநரின் பொறுப்புகளுள் மிகக் கனமானது. துணைப் பயிற்றுநர் இவ்வொப்புதலை அளிக்க இயலாது. சில சுற்றுகள் மாணவருடன் பறந்து அவரது தரையிறக்கங்களைக் கவனித்த பின்னர், பயிற்றுநர் விமானத்திலிருந்து இறங்கிக்கொள்கின்றார். அதன் பிறகு அவரால் செய்யக்கூடியது தரையில் நின்று பார்ப்பது மட்டுமே. அன்றைய காற்றின் வேகம், மாணவரின் மனநிலை ஆகியவற்றை எடைபோட்டே இம்முடிவு எடுக்கப்படுகின்றது.

ஊதியம்

பயிற்றுநர்களுக்கு நாடு முழுமைக்குமான ஊதிய விகிதம் ஏதும் விதிக்கப்படவில்லை. பல பயிற்சி நிலையங்கள் மாதந்தோறும் ஒரு நிலையான தொகையும், பறந்த ஒவ்வொரு மணிநேரத்திற்கும் ஒரு படியும் தருகின்றன. இதனால் வருமானம் வானிலையைப் பொறுத்து ஏறி இறங்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பறப்பு நேரம் குறைவதால் படியும் குறைகின்றது. பழுதுபார்ப்பிற்காக விமானம் கொட்டகையில் நிற்கும் நாட்களுக்கும் இது பொருந்தும்.

பயிற்றுநரின் ஊதியம் பொதுவாக விமான நிறுவனத் துணை விமானியின் ஊதியத்தை விடக் குறைவு. தம்மிடம் கற்றுச் சென்ற மாணவர் ஓரிரு ஆண்டுகளில் தம்மை விடக் கூடுதலாக ஈட்டுவதை ஒரு பயிற்றுநர் காண்பது அரிதன்று.

பற்றாக்குறையின் காரணம்

அமெரிக்காவிலும் பயிற்றுநர் ஊதியம் குறைவே. எனினும் அங்கு இப்பணிக்கு வருவோர் பலர். இவ்வேறுபாட்டிற்கு விதிகளே காரணம் எனலாம். 2009 பெப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக 2010 இல் சட்டம் இயற்றப்பட்டு, 2013 முதல் விமான நிறுவனத் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணிநேர அனுபவம் கட்டாயமாக்கப்பட்டது. அம்மணிநேரங்களைச் செலவின்றிச் சேர்க்க எளிய வழி கற்பிப்பதே ஆகும். இந்தியாவிலோ 200 மணிநேரத்துடன் வணிக உரிமம் பெற்றவர், குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியை முடித்து நேரே துணை விமானி ஆகலாம். கற்பிக்கும் பணியில் சில காலம் இருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இதற்கிடையில் மாணவர் எண்ணிக்கை பெருகியுள்ளது. டி.ஜி.சி.ஏ. வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 2021 இல் 862, 2022 இல் 1,165, 2023 இல் 1,622 ஆகும். பயிற்சிப் பறப்புகளுக்கு அனுமதி அளிக்கும் அதிகாரம் முன்பு தலைமைப் பயிற்றுநருக்கும் துணைத் தலைமைப் பயிற்றுநருக்கும் மட்டுமே இருந்தது. இவ்விருவரும் இல்லாத வேளையில் பயிற்சி தடைப்பட்டது. 2021 இல் இவ்வதிகாரம் பிற பயிற்றுநர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

சென்னை மீனம்பாக்கத்தில் 1930 இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் பிளையிங் கிளப் நாட்டின் பழைமையான பறத்தல் கழகங்களுள் ஒன்று. இந்திய வான்படையின் பயிற்றுநர் பள்ளியும் சென்னையை அடுத்த தாம்பரத்திலேயே உள்ளது. 1948 இல் அம்பாலாவில் தொடங்கப்பட்ட இப்பள்ளி 1954 இல் இங்கு மாற்றப்பட்டது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கு பயிற்சி பெறுகின்றனர். வான்படையில் ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் குடிசார் பயிற்சி நிலையங்களில் பணியில் சேர்வதுண்டு.

2022 இல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் புதிய பயிற்சி நிலையங்களுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களுள், ஓமலூர் அருகே கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமும் ஒன்றாகும்.