வடசென்னை அனல்மின் நிலைய உப்புநீக்க ஆலை

எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தால் கடல்நீரை நன்னீராக்க, சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2009-இல் அமைத்த செயல்விளக்க ஆலை. வகை: தாழ்வெப்பநிலை உப்புநீக்கம். திறன்: நாளொன்றுக்கு 1.5 லட்சம் லிட்டர்.

மின்நிலையக் கண்டென்சரைக் குளிர்வித்து வெளியேறும் கடல்நீர், உள்ளே வரும் நீரைவிடச் சுமார் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சூடானது. அதை வெற்றிடக் கலத்துக்குள் செலுத்தினால் ஒரு சிறு பகுதி உடனே ஆவியாகும். அந்த ஆவி, குளிர்ந்த கடல்நீர் ஓடும் குழாய்கள் மீது படிந்து நன்னீராகும். எதிர்ச் சவ்வூடுபரவல் ஆலைகளில் உள்ளதுபோல் சவ்வுகள் இதில் இல்லை.

இந்நுட்பத்தின் முன்வரலாறு ஜப்பானோடு தொடர்புடையது. கடலின் மேற்பரப்பு நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் எடுக்கும் கடல்வெப்ப மின்னாக்கத்துக்காக நிறுவனம் 1997-இல் சாகா பல்கலைக்கழகத்துடன் உடன்பாடு செய்து, தூத்துக்குடிக்கு அப்பால் 1 மெகாவாட் மிதவை நிலையத்தைத் திட்டமிட்டது. ஆழ்கடலின் குளிர்நீரை ஏற்றும் நெடுங்குழாயை நிறுவ முடியாததால் மின்னாக்கம் நிறைவேறவில்லை. எனினும் 'சாகர் சக்தி' மிதவை வீணாகவில்லை: 2007-இல் சென்னைக்கு அப்பால் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் திறனுள்ள உப்புநீக்கச் சோதனைக்கு அதுவே தளமாயிற்று. லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இலேயே இதே நுட்பத்தில் ஒரு கரையோர ஆலை இயங்கியது.

ஆழ்கடல் அருகில் இல்லாத கரையிலும் வெப்பநிலை வேறுபாட்டைப் பயன்படுத்தலாம் எனக் காட்டியதே அத்திப்பட்டு ஆலையின் சிறப்பு. இங்கு நெடுங்குழாய் தேவைப்படவில்லை. அளவில் இது சிறியது. அண்மையிலுள்ள காட்டுப்பள்ளியில், ஸ்பெயின் நிறுவனப் பங்கேற்புடன் 2010-இல் தொடங்கிய சவ்வு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.