குடி கேட்ட காலமும் ஸ்வைப் பண்ணுகிற காலமும்

டேட்டிங் செயலி பற்றி மட்டக்களப்பில் கதை எடுத்தால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பழக்கம், எங்கட சனத்துக்குச் சரிவராது." மற்றது, மெதுவாய்க் காதுக்குள், "எது நல்ல அப், சொல்லுங்க." முதல் பதில் வரலாற்றின்படி பிழை. இரண்டாவது நல்ல கேள்வி, ஆனால் அதற்குப் பதில் தேடுவதற்கும் கொஞ்சம் வரலாறு வேணும்.

அமிர்தகழியிலிருந்தே தொடங்குவோம். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். படுவான்கரை, எழுவான்கரை எல்லாப் பக்கத்துச் சனமும் தீர்த்தக் குளத்தடியில் கூடும். சாமி கும்பிடத்தான் வருகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த பெடியனும் பெட்டையும் ஊர் தாண்டி ஒருவரையொருவர் பார்க்கிற இடமும் அதுதான். கச்சான் கடையடியில் கண் பட்டால், மறுகா அடுத்த கேள்வி என்ன? "ஆர்ட பிள்ளை? என்ன குடி?"

இந்தக் குடி என்பது மட்டக்களப்புக்கே உரிய ஒரு கணக்கு. தாய்வழியாய் வருவது. ஒரே குடிக்குள் கட்டக்கூடாது. மாமன் மகன், மாமி மகன் என்றால் முறை; அதனால்தான் எங்கட நாட்டார் கவிகளில் 'மச்சான்' என்ற சொல் உறவையும் காதலையும் ஒன்றாய்ச் சுமக்கிறது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு வளவு மகளுக்கு. பழைய முக்குவர் சட்டத்தில் முதுசம் பெண்வழியாய்ப் போனதை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாய் எழுதி வைத்தார். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் இந்தக் கரையோர ஊர்களில் பல வருசம் ஆய்வு செய்து 2008இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

இன்றைய மொழியில் சொன்னால் குடி, சாதி, ஊர், முறை எல்லாம் 'ஃபில்டர்'. செயலியில் வயதையும் தூரத்தையும் தட்டிவிடுவது போல, பெரியாக்கள் இதையெல்லாம் மனதுக்குள் தட்டிவிட்டுத்தான் ஆள் பார்த்தார்கள். ஆக, வடிகட்டி ஆள் தேடுவது எங்களுக்குப் புதுசில்லை.

வெள்ளைக்காரனும் இதில் நேற்றுப் பிறந்தவன் இல்லை. 1695இல் லண்டனில் ஜோன் ஹௌட்டன் என்பவர் நடத்திய வணிகப் பத்திரிகையில், முப்பது வயதளவான ஒருவர் 3,000 பவுண் அளவு சொத்துள்ள பெண் தேவை என்று விளம்பரம் போட்டார். சீதனம் எங்கட கண்டுபிடிப்பு மட்டும் இல்லை என்பதற்கு அது போதும். 1965இல் ஹார்வர்ட் மாணவர்கள் 'ஆப்பரேஷன் மேட்ச்' தொடங்கினார்கள். கேள்விப் படிவத்தை நிரப்பி 3 டொலரோடு அனுப்பினால், கணினி பொருத்தமான பெயர்களைத் தெரிந்து தரும். 1995இல் மேட்ச்.கொம் வந்தது. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழருக்காக ஓர் இணையப் பக்கம் நடத்தினார். அதில் கலியாண விளம்பரப் பகுதிக்குத்தான் ஆள் குவிந்தது. அதுதான் பிறகு பாரத் மேட்ரிமோனி ஆனது.

அதே காலத்தில் எங்கட பக்கம் யுத்தம். பெடியன்கள் கனடா, லண்டன், சுவிஸ் என்று சிதறிப்போனார்கள். படம் போய்ப் படம் வந்தது. புரோக்கர் நடுவில் நின்றார். சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்த நாடு கடந்த கலியாணங்களைப் பற்றியதுதான். கலியாண அல்பம்கூட விசா அதிகாரிக்குக் காட்டும் சாட்சியாய் மாறியதை அதில் படிக்கலாம். முகம் தெரியாத ஆளைப் படத்தில் பார்த்து முடிவெடுத்தது எங்கட அக்காமார் தலைமுறை. ஸ்வைப் பண்ணுகிற நாங்கள் இரண்டாம் ஆட்கள்.

அப்போ என்ன மாறியது? நடுவில் நின்ற ஆள் இரண்டு வேலை பார்த்தார். ஆட்களைக் காட்டினார், அந்த ஆளுக்குப் பொறுப்பும் நின்றார். "இன்னாரின் மகன், குடிகாரன் இல்லை" என்று அவர் சொன்னது பொய்யானால் ஊரில் அவர் முகம் காட்ட ஏலாது. இந்தப் பொறுப்புக்கு நாங்கள் கொடுத்த விலையும் பெரிசு. சாதி பார்த்தார்கள், சீதனம் பேசினார்கள், பெண்ணின் விருப்பத்தைக் கடைசியாய்க் கேட்டார்கள், சில வீட்டில் கேட்கவே இல்லை. செயலி அந்தப் பூட்டை உடைத்தது உண்மை. ஆனால் முதல் வேலையை மட்டும்தான் அது எடுத்துக்கொண்டது. பொறுப்பு நிற்கிற வேலையை எங்கட கையில் விட்டுவிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் "எது நல்ல அப்" என்பதற்குப் பதில் தெளிவாகும். எனக்கு என்ன வேணும் என்று முதலில் எனக்குத் தெரிய வேணும். 2012இல் வந்த டின்டர் படத்தைப் பார்த்துச் சட்டென்று தள்ளுகிற வேகத்துக்குச் செய்தது. 2014இல் வந்த பம்பிள், பெண்தான் முதலில் செய்தி அனுப்பலாம் என்ற விதியோடு தொடங்கியது. தேவையில்லாத செய்திகளால் களைத்த பெண்களுக்கு அது ஒரு மூச்சு. கலியாணம்தான் நோக்கம் என்றால் இவை சுற்றுவழி. சும்மா பழகிப் பார்க்கத்தான் என்றால் அதையும் புரொஃபைலில் நேராய் எழுதலாம். சும்மா பழகுவது குற்றம் இல்லை. கலியாண ஆசை காட்டிச் சும்மா பழகுவதுதான் ஏமாற்று.

சின்ன ஊர்க் கணக்கு வேறு. கொழும்பில் ஐந்து கிலோமீட்டருக்குள் ஆயிரம் முகம் வரலாம். மட்டக்களப்பில் அதே வட்டத்துக்குள் மச்சாளும் ரியூசன் சேரும் வந்து நிற்பார்கள். ஆகவே வீடு, வேலையிடம், யூனிஃபோம் தெரிகிற படங்களைத் தவிர்ப்பது நல்லது. நேரில் சந்திக்க முதல் வீடியோவில் ஒருமுறை கதைத்தால் படமும் ஆளும் ஒன்றா என்று தெரியும். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில். எங்கே, யாரோடு என்று ஒரு சிநேகிதிக்காவது சொல்லிவிட்டுப் போக வேணும். பழைய புரோக்கரின் பொறுப்பை இப்போ அந்தச் சிநேகிதி எடுக்கிறாள். சந்திக்க முதலே காசு கேட்கிறவரோடு கதை முடிந்தது.

பிழைத்தால் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. பெடியனை ஊர் ஒரு கிழமையில் மறக்கும். பெட்டையின் பெயரை வருசக்கணக்கில் இழுக்கும். அந்த வெட்கத்தை நம்பித்தான் படத்தை வைத்து மிரட்டுகிறவன் தொழில் நடத்துகிறான். மிரட்டிக் காசு கேட்பது சட்டப்படி குற்றம். வெட்கப்பட வேண்டியது அவன். செய்திகளை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குச் சொல்லலாம்.

ஒருபாலின நண்பர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. இருக்கிற இடத்தை வைத்து ஆள் காட்டும் முறையை 2009இல் பரவலாக்கியதே ஆண்களுக்கான கிரைண்டர்தான். ஆனால் இலங்கையில் 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் அவர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. இவர்களுக்கு 'ஒரு சிநேகிதியிடம் சொல்' என்ற அறிவுரைகூட இலேசானதில்லை. அந்தச் சிநேகிதியாய் இருக்க நாங்கள் தயாரா என்பதுதான் கேள்வி.

குடி கேட்ட காலத்துக்குத் திரும்பிப் போக எங்களுக்கு விருப்பம் இல்லை. ஆனால் "இந்த ஆளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவர் இருந்த காலம் அது. சாதியும் சீதனமும் இல்லாமல் அந்தப் பொறுப்பை மட்டும் நண்பர்களுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எந்தச் செயலியும் தரவிறக்கத் தேவையில்லை.