பாராமகாலில் பாரசீக வினைகள்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானின் பாராமகால், தருமபுரி உள்ளிட்டு, ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. சென்னைச் சிவில் அலுவலருள் நாட்டு மொழியறிந்தோர் அருகியிருந்தமையால், காரன்வாலிஸ் பிரபு படை அதிகாரிகளிடமே அதன் நிர்வாகத்தை ஒப்படைத்தார். அவர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை அங்குப் பணியாற்றினார்; பாரசீகமும் இந்துஸ்தானியும் முன்னரே பயின்றவர்.

திப்புவின் அரசவை மொழியான பாரசீகம், ஆங்கிலம் பேசுவோர்க்கு எளிதன்று. ஆங்கிலத்தில் 'வெண்ட்' என்னும் வினை மூவிடத்தும் மாறாது. பாரசீகத்திலோ 'ரஃப்தம்' என்றால் சென்றேன். 'ரஃப்தீ' என்றால் சென்றாய். 'ரஃப்தீத்' என்றால் சென்றீர். நம் தமிழிற்போலவே விகுதியே ஆளையும் மரியாதையையும் உணர்த்துகிறது.

வென்றவர்க்கும் ஆள்வதற்கு மொழியே வேண்டியிருந்தது என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.